கடைசிக் கால் மாத்திரை: மனச்சோர்வு மருந்தை நிறுத்தும்போது உடம்பில் நடப்பது என்ன?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது வெளியே சொல்லாத விஷயம். பக்கத்திலேயே தஞ்சோங் ரம்புத்தான் இருப்பது இன்னும் சங்கடம். 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் அந்த ஊரின் பெயரே நம்மவர்கள் வாயில் ஒரு கேலிச்சொல் ஆகிவிட்டது. ஆகவே மாத்திரையைத் தொடங்குவதும் ரகசியம், நிறுத்துவதும் ரகசியம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று ஒரு நாள் அப்படியே விட்டுவிடுவார்கள்.

மூன்றாம் நாள் தலை சுற்றும். காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசையில், நிற்கும்போதே கால் தடுமாறும். கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் வெட்டுகிற மாதிரி இருக்கும். தொலைக்காட்சி விளம்பரத்துக்கெல்லாம் அழுகை வரும்.

உடனே வீட்டில் மூன்று தீர்ப்புகள் தயாராகும். "மாத்திரைக்கு அடிமையாயிட்டான்" என்பார் ஒருவர். "நோய் திரும்ப வந்திருச்சு" என்பார் இன்னொருவர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பார் மூன்றாமவர். பெரும்பாலும் மூன்றுமே குறி தவறியவை. மூளை ஒரு மருந்துக்குப் பழகியிருந்தது, மருந்து திடீரென்று போய்விட்டது, மூளை இன்னும் பழைய கணக்கிலேயே ஓடுகிறது. இந்த இடைவெளியில் வரும் தொல்லைகளுக்கு விடுபடல் அறிகுறிகள் என்று பெயர். ஏன் வருகின்றன, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தாண்டுவது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திருவிழா ஒலிபெருக்கியும் நம் காதும்

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. குழாய் ஒலிபெருக்கியை உங்கள் வீட்டு வாசலுக்கு நேராகக் கட்டிவிட்டார்கள். முதல் நாள் காது கிழிகிறது. மூன்றாம் நாள் அந்தச் சத்தத்திலேயே குழந்தை தூங்குகிறது, நீங்களும் கத்திக் கத்திப் பேசியபடி சமைக்கிறீர்கள். ஒலிபெருக்கியை யாரும் குறைத்து வைக்கவில்லை. உங்கள் காதுதான் தன்னைக் குறைத்துக்கொண்டது.

திருவிழா முடிந்து ஒலிபெருக்கியைக் கழற்றிய அன்று, எதிரே உட்கார்ந்து ஒருவர் சாதாரணமாகப் பேசினாலும் காதில் பஞ்சு வைத்த மாதிரி மங்கலாகக் கேட்கும். பேசுகிறவர் சரியாகத்தான் பேசுகிறார். உங்கள் காது நேற்றைய சத்தத்துக்கு ஏற்றபடி இருக்கிறது. கொஞ்ச நேரம் போனால் சரியாகிவிடும். மூளையும் இதே வேலையைத்தான் செய்கிறது. வேறுபாடு ஒன்றே: காதுக்கு மணிக்கணக்கு, மூளைக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு.

மூளைக்குள்

நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. நடுவில் மிக நுண்ணிய ஓர் இடைவெளி உண்டு. ஓர் அணு அடுத்ததற்குச் செய்தி சொல்ல, செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை அந்த இடைவெளியில் விடுகிறது. எதிர்ப்பக்கத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும் இடம் ஏற்பி. செய்தி சேர்ந்ததும் மிச்சத்தை முதல் அணுவே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படி இழுக்கும் புரதத்தை மீளிழுப்பான் என்று வைத்துக்கொள்வோம்.

செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம், ஃபுளுவோக்சமின், ஃபுளுவோக்சிடின், பரோக்சிடின் ஆகிய மாத்திரைகள் இந்த மீளிழுப்பானின் வாயை அடைக்கின்றன. வென்லாஃபாக்சினும் டுலோக்சிடினும் இதோடு நோராட்ரினலின் என்ற இன்னொரு பொருளின் மீளிழுப்பானையும் அடைக்கும். இழுப்பது குறைவதால் இடைவெளியில் செரோட்டோனின் கூடுதலாக நிற்கிறது. இதுதான் ஒலிபெருக்கி. வாரங்கள் போகப் போக ஏற்பிகள் தங்கள் காதைக் குறைத்துக்கொள்கின்றன. மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் செரோட்டோனின் பழைய அளவுக்கு இறங்கிவிடும், ஏற்பிகளோ இன்னும் மந்தமாகவே இருக்கும். அணுக்களுக்கு இடையே செய்தி மங்கிவிடுகிறது.

(மனச்சோர்வு என்றாலே செரோட்டோனின் குறைவுதான் என்று முன்பு எளிமையாகச் சொல்வார்கள். அந்த வாய்பாடு இன்று நிற்கவில்லை. மருந்து பலருக்கு உதவுகிறது என்பதும், நோய்க்கு ஒரே வேதிப்பொருள் காரணம் என்பதும் இரண்டு வேறு கூற்றுகள்.)

செரோட்டோனின் மனநிலைக்கு மட்டும் உரியதில்லை. உடம்பிலுள்ள செரோட்டோனினில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. தூக்கம், உடல்சூடு, சமநிலை எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. மனசுக்குச் சாப்பிட்ட மாத்திரையை விட்டால் வயிறு ஏன் குமட்டுகிறது என்ற கேள்விக்கு விடை இதுதான்.

எப்படியெல்லாம் தெரியும்

காய்ச்சல் வரப்போகிற மாதிரி உடம்பு வலி, வியர்வை, குளிர். குமட்டல், சில சமயம் வயிற்றுப்போக்கு. படகிலிருந்து இறங்கியதும் தரை ஆடுகிற மாதிரி தள்ளாட்டம். தூக்கம் கெடும். வந்தாலும் சினிமா மாதிரி நீளமான, தெளிவான கனவுகள் வரும், ஏனென்றால் கனவு காணும் தூக்கத்தை இந்த மருந்துகள் அமுக்கி வைத்திருந்தன. அமுக்கியதை விட்டதும் அது பொங்கி எழுகிறது. எரிச்சல், பதற்றம், காரணமற்ற அழுகை.

தலைக்குள் வரும் அந்த "ஷாக்" பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்கள் மிகவும் பயப்படுவது அதற்குத்தான், சாமியாரைத் தேடிப் போவதும் அதனால்தான். நொடிப்பொழுது ஒரு மின்வெட்டு, சில சமயம் காதில் "விர்" என்ற ஒலி, கண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும்போது அதிகம். உலகம் முழுக்க இந்த மருந்துகளை நிறுத்தியவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இதை விவரிக்கிறார்கள். ஐயர்லாந்தில் ஒருவர் சொல்வதும் சுங்கை சிப்புட்டில் ஒருவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் அது செய்வினையாக இருக்க முடியாது. பயமுறுத்தினாலும் இது மூளையைச் சேதப்படுத்துவதாகச் சான்று இல்லை.

எல்லாருக்கும் வருமா? வராது. 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 79 ஆய்வுகளில் ஏறக்குறைய 21,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதத்தினருக்கு ஏதாவது ஓர் அறிகுறி இருந்தது. வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதத்தினருக்கு இருந்தது, அதாவது எதிர்பார்ப்பும் பயமும்கூட அறிகுறியாகலாம். கழித்துப் பார்த்தால், ஆறேழு பேரில் ஒருவருக்கு மருந்தின் காரணமாகவே வருகிறது. கடுமையாக வந்தவர்கள் ஏறக்குறைய 35 பேரில் ஒருவர். ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகளில் பலர் சில மாதங்களே மருந்து சாப்பிட்டவர்கள். பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுருக்கமாக: மருந்துக்கு மூளை பழகும், மருந்து போனதும் பழக்கம் மாற நாளாகும், அந்த நாட்களில் உடம்பும் மனசும் தொல்லை தரும். சிலருக்கு லேசாக, சிலருக்குக் கடுமையாக, பலருக்கு ஒன்றுமே இல்லாமல்.

இது அடிமைத்தனமா?

தினமும் நான்கு கோப்பி ஓ குடிப்பவர் ஒரு நாள் குடிக்காவிட்டால் தலை வலிக்கும். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலோல் சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும், அழுத்தம் ஏறும். அவரை யாரும் "அட்டெனோலோலுக்கு அடிமை" என்று சொல்வதில்லை. அடிமைத்தனம் என்றால் அந்தப் பொருளுக்காக மனசு ஏங்க வேண்டும், அளவைக் கூட்டிக் கூட்டிப் போக வேண்டும், வீடே கெட்டாலும் விடமுடியாமல் இருக்க வேண்டும். சம்சு என்ற சாராயம் அப்படிச் செய்யும். செர்ட்ராலின் மாத்திரைக்காக யாரும் வீட்டுப் பாத்திரத்தை அடகு வைத்ததில்லை. இங்கே இருப்பது உடம்பின் பழக்கம் மட்டும்.

ஆனால் "அடிமைத்தனம் இல்லை" என்று சொல்லிவிட்டு அறிகுறியையும் சேர்த்து ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவது இன்னொரு தவறு. மருத்துவ உலகமே நெடுங்காலம் அதைச் செய்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு தந்த வழிகாட்டியே 2019 வரை, இவை பொதுவாக லேசானவை, ஒரு வாரத்தில் தானாகப் போகும் என்றுதான் சொன்னது. அந்த ஆண்டில்தான் சிலருக்குக் கடுமையாகவும் நீண்ட காலமும் இருக்கலாம் என்று திருத்தியது. "ஒரு வாரத்துல சரியாயிடும்" என்று கேட்டு நம்பி, ஆறாவது வாரத்திலும் தள்ளாடியவர்கள் தங்களுக்கு வேறு ஏதோ பெரிய நோய் என்று பயந்ததில் வியப்பில்லை.

நோய் திரும்பியதா, மருந்து விடுபடுகிறதா?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். தவறாகக் கணித்தால் இரண்டு பக்கமும் நட்டம்: விடுபடல் அறிகுறியை நோய் என்று எண்ணினால் தேவையில்லாமல் வருடக்கணக்கில் மருந்து தொடரும். திரும்பிவரும் நோயை விடுபடல் என்று எண்ணினால் உதவி தாமதமாகும்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். அளவைக் குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கினால் விடுபடலாக இருக்க வாய்ப்பு அதிகம். நோய் அப்படி அவசரப்படாது. வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல ஏறும். இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு: ஃபுளுவோக்சிடின் உடம்பை விட்டுப் போகவே பல வாரம் ஆகும், ஆகவே அதில் விடுபடலும் தாமதமாகவே வரும்.

அடுத்து உடம்பைக் கேளுங்கள். தலைக்குள் ஷாக், தள்ளாட்டம், குமட்டல் இவையெல்லாம் மருந்து தொடங்கும் முன் உங்கள் நோயில் இருந்தனவா? இல்லையென்றால் அவை நோயின் முகம் கிடையாது. அழுகையும் பதற்றமும் இரண்டிலும் உண்டு, அதனால் அவற்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மூன்றாவது, மருந்தைத் திரும்ப எடுத்தால் என்ன ஆகிறது என்பது. மருத்துவர் பழைய அளவைத் திரும்பக் கொடுத்து, இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிட்டால் அது விடுபடல். நோய்க்கு மருந்து வேலை செய்யப் பல வாரம் பிடிக்கும் என்பது முதல்முறை சாப்பிட்டபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதற்கு ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். தேதி, அன்று எடுத்த அளவு, தூக்கம் எத்தனை மணி, உடம்பில் என்ன, மனசில் என்ன. ஒரு நாளைக்கு ஒரு வரி. விடுபடல் அலை அலையாக வரும்: இரண்டு நாள் மோசம், ஒரு நாள் தெளிவு, பிறகு மறுபடி. ஆனால் மொத்தத்தில் இறங்குமுகம். நோட்டு இல்லையென்றால் மோசமான நாள் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

நோய் திரும்புவதும் உண்மையான அபாயம்தான் என்பதை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் நடந்த ஆன்ட்லர் ஆய்வு 2021-இல் வெளியானது. நீண்ட நாள் மருந்து சாப்பிட்டு நலமாக இருந்த 478 பேரில், தொடர்ந்தவர்களுக்கு ஒரு வருடத்தில் 39 சதவீதமும், குறைத்து நிறுத்தியவர்களுக்கு 56 சதவீதமும் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்தியவர்களிலும் 44 சதவீதத்தினருக்கு நோய் திரும்பவே இல்லை என்பதையும் அதே கணக்கில் படிக்கலாம். நிறுத்தலாமா என்பதை இப்படிப்பட்ட எண்களோடு உங்கள் சொந்த வரலாற்றையும் வைத்து மருத்துவரோடு பேச வேண்டும். முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால் நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர்வது வழக்கம். பலமுறை வந்தவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ.

எந்த மாத்திரை எவ்வளவு வேகமாகப் போகும்

இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். ஐந்து அரை ஆயுள் கழிந்தால் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது என்று கொள்ளலாம். வென்லாஃபாக்சினின் அரை ஆயுள் சுமார் 5 மணி நேரம், உடம்பில் அது மாறி உருவாகும் பொருளுக்கு 11 மணி. காலை மாத்திரையை மறந்தால் மாலையிலேயே தலை கிறுகிறுப்பது இதனால்தான். டுலோக்சிடின் 12 மணி, பரோக்சிடின் 21, செர்ட்ராலின் 26, எஸ்சிட்டாலோபிராம் 30 மணி அளவில். ஃபுளுவோக்சிடின் மட்டும் தனிக்கட்சி: தொடர்ந்து சாப்பிட்டவருக்கு 4 முதல் 6 நாள், அதன் மாற்றுப்பொருளுக்கு 4 முதல் 16 நாள். அது தன்னைத்தானே மெல்லக் குறைத்துக்கொள்ளும் மருந்து.

வேகமாகப் போகும் மருந்தில் தொல்லை கூடுதல். வென்லாஃபாக்சினும் பரோக்சிடினும் இதில் பேர்போனவை.

கடைசித் துண்டு ஏன் அடிக்கிறது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 40 மில்லிகிராமிலிருந்து 20-க்கு வந்தபோது ஒன்றும் ஆகவில்லை, 10-க்கு வந்தபோதும் சமாளித்தாயிற்று, அப்புறம் 5-தானே என்று நிறுத்தியதும் படுத்துவிட்டார். சின்ன அளவுதானே, அது எப்படி?

கோயில் மண்டபத்தில் நூறு நாற்காலி. ஆட்கள் வர ஆரம்பித்ததும் முதல் கொஞ்சம் பேருக்கு உடனே இடம் கிடைக்கும். நாற்காலி நிரம்ப நிரம்ப, கூடுதலாக வருகிறவர்கள் ஓரமாக நிற்பார்கள். கூட்டம் இரட்டிப்பானாலும் உட்கார்ந்திருப்பவர் எண்ணிக்கை கொஞ்சம்தான் கூடும். மீளிழுப்பான்கள்தான் நாற்காலிகள், மருந்துதான் கூட்டம். சிறிய அளவு மருந்தே பெரும்பாலான மீளிழுப்பான்களை அடைத்துவிடும்.

மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவர் 2019-இல் இதைக் கணக்குப்போட்டுக் காட்டினார்கள். எஸ்சிட்டாலோபிராமின் மூத்த சகோதரனான சிட்டாலோபிராமை எடுத்துக்கொள்வோம். 40 மில்லிகிராமில் மீளிழுப்பான்களில் ஏறக்குறைய 86 சதவீதம் அடைபடும். 20-இல் 80. சுமார் 9-இல் 70. 5.4-இல் 60. 2.3-இல்கூட இன்னும் 40. ஆக, 40-இலிருந்து 20-க்கு இறங்கும்போது இழப்பது ஆறு சதவீதம் போல. அந்தக் கடைசி 5 மில்லிகிராமை விட்டால் ஒரே அடியாக 60 சதவீதம். ஈப்போ போகும் வழியில் நிற்கும் சுண்ணாம்புக் குன்றின் தலையில் நடக்கிற மாதிரி: மேலே கொஞ்ச தூரம் சமமாக இருக்கும், விளிம்புக்கு வந்தால் செங்குத்து.

ஆகவே கீழே வரவர அடியைச் சிறிதாக்க வேண்டும். நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டியும் இதையே சொல்கிறது: ஒவ்வொரு படியிலும் அப்போதைய அளவில் ஒரு பங்கு, எடுத்துக்காட்டாகப் பாதி, குறைக்கலாம். அளவு சிறிதானதும் கால் பங்கு போலச் சிறிய படிகளாக்கலாம். அடுத்த படிக்கு முன் முந்தைய படியின் தொல்லை அடங்கியிருக்க வேண்டும். செர்ட்ராலின் 100 மில்லிகிராம் சாப்பிடுபவருக்கு ஒரு மருத்துவர் 75, 50, 37.5, 25, 12.5 என்று, படிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வைத்து எழுதிக்கொடுக்கலாம். 12.5-இலும் விளிம்பில்தான் நிற்கிறோம், அதனால் சிலருக்கு அதற்குக் கீழேயும் படி தேவைப்படும். இது ஒரு மாதிரிதான், உங்கள் சீட்டு இல்லை. சிலர் ஒரே மாதத்தில் இறங்கிவிடுவார்கள், வேறு சிலருக்கு ஒரு வருடம் போகும்.

கையால் செய்யும்போது தப்பாகும் இடங்கள்

50 மில்லிகிராம் செர்ட்ராலின் மாத்திரையில் பெரும்பாலும் நடுவே கோடு இருக்கும். பாதி 25, கால் 12.5. சமையல் கத்தியில் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு தூளாகவும் போகும். ஃபார்மசியில் மாத்திரை வெட்டும் சிறு பெட்டி கிடைக்கும், அதை வாங்குங்கள். வெட்டிய துண்டு கசக்கும், நாக்கு மரத்துப்போகும். கெட்டுப்போன மாத்திரை என்று பயந்து எறிய வேண்டாம், செர்ட்ராலினின் குணமே அது. நம் ஊர் ஈரக்காற்றில் வெட்டிய மாத்திரை நிற்காது, மூன்று நாலு நாளைக்கு மட்டும் வெட்டி மூடிய டப்பாவில் வையுங்கள்.

மெதுவாக மருந்தை விடும்படி செய்த வென்லாஃபாக்சின் மாத்திரையையும், டுலோக்சிடின் கேப்சூலுக்குள் உள்ள குருணைகளையும் நசுக்கவே கூடாது. நாள் முழுக்கப் பரவ வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும், அல்லது வயிற்று அமிலத்தில் வீணாகும். இவற்றைக் குறைக்கும் வழியை மருந்தாளரிடம் கேட்க வேண்டும். சில மருந்துகள் திரவமாகவும் உண்டு.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவது. சிக்கனமாகத் தோன்றும், ஆனால் ஃபுளுவோக்சிடினைத் தவிர மற்றவற்றுக்கு இது மோசமான வழி. செர்ட்ராலினில் 48 மணி நேரத்தில் அளவு கால் பங்குக்குச் சற்று மேலாக இறங்கிப் பிறகு எகிறும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு குட்டி விடுபடலை நாமே செய்துகொள்கிறோம். தினமும் குறைந்த அளவு என்பதே சரி.

பிறகு, நினைக்காமலே நிறுத்துவது. இங்கே இதுதான் அதிகம். மாத்திரை தீர்ந்துவிடும், அப்பாய்ன்மெண்ட் நாளில் தோட்டத்தில் லீவு கிடைக்காது, தீபாவளிக்கு ஜொகூர் போகும் அவசரத்தில் பை மாறிவிடும். இந்த மருந்துகள் 1952 நச்சுப்பொருள் சட்டப்படி சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை, ஆகவே டவுன் ஃபார்மசிக்காரர் "சீட்டு வேணும்" என்றால் அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அரசாங்க கிளினிக் மருந்தை எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாட்டின்படி வேறோர் அரசாங்க கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ வாங்கிக்கொள்ளலாம், தபாலிலும் வரவழைக்கலாம். மருந்துக் கவுண்டரில் முன்கூட்டியே பதிய வேண்டும். பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அசையுங்கள்.

தைப்பூச விரதம் இன்னொரு பொறி. 48 நாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். அதில் ஒரு நுணுக்கம்: மாத்திரையில் குறையில்லை என்றாலும், கேப்சூல் வடிவ மருந்தின் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. சைவ விரதக்காரர் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் பேசாமல் விட்டுவிடாமல் மாதம் ஒன்றுக்கு முன்பே மருந்தாளரிடம் "கேப்சூல் வேண்டாம், வில்லை மாத்திரையாக இருக்கா?" என்று கேளுங்கள். காவடி எடுத்து, வெயிலில், பட்டினியில், விடுபடல் தலைச்சுற்றலோடு படியேறுவது ஆபத்து.

ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் எடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைய மாத்திரை மட்டும், இரண்டாகப் போட வேண்டாம். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. நிறுத்தாமல் அந்த வாரமே கிளினிக் போய்ச் சொல்லுங்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் எது நல்லது என்று மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

அந்த நாட்களைத் தள்ள

எப்போது குறைப்பது என்பதிலேயே பாதி வேலை முடிகிறது. செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவற்றில் தொல்லை பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் தலைகாட்டும். வெள்ளிக்கிழமை குறைத்தால் அது ஞாயிறு லீவில் விழும். செம்பனைக் குலை அதிகம் விழும் மாதத்தில், பிள்ளைக்கு எஸ்.பி.எம். தேர்வு நடக்கும்போது, வீட்டில் கல்யாணம் இருக்கும்போது குறைக்காதீர்கள். ஒரு மாதம் தள்ளிப்போவதால் எதுவும் கெட்டுவிடாது.

தலைச்சுற்றல் இருக்கும் நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். செம்பனை வெட்டுபவர் நீண்ட கம்பு அரிவாளை அண்ணாந்து பார்த்தபடி பிடிப்பவர். தலையைத் தூக்கினாலே தள்ளாடும் நேரத்தில் அந்த வேலை வேண்டாம். வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் இரண்டு மூன்று நாளைக்குக் கீழ்வேலை கேளுங்கள், அல்லது மருத்துவரிடம் எம்.சி. என்ற விடுப்புச் சான்றிதழ் கேளுங்கள். சான்றிதழில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை.

குமட்டினால் மாத்திரையைப் பசியாறிய பிறகு எடுங்கள். இஞ்சித் தேநீர் சிலருக்குக் கேட்கும். படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, பிறகு நில்லுங்கள். காட்டு வெயிலில் தண்ணீர் குறைந்தால் தள்ளாட்டம் இரட்டிக்கும். மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தால் காலையில் எடுக்கலாமா என்று கேளுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு கோப்பி வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று கள்ளோ பீரோ குடித்தால் இரவு மூன்று மணிக்கு அது எழுப்பிவிடும், மறுநாள் பதற்றமும் கூடும். மருந்து இன்னும் உடம்பில் இருக்கும்வரை டிராமடோல் வலிமாத்திரையும் டெக்ஸ்ட்ரோமெத்தோர்பான் கலந்த இருமல் மருந்தும் கேட்காமல் எடுக்கக் கூடாது, செரோட்டோனின் எல்லை மீறிப்போகும்.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். நீளமாக விளக்க வேண்டியதில்லை. "என்னங்க, மாத்திரையைக் குறைச்சிருக்கேன். ரெண்டு வாரத்துக்குச் சட்டுனு கோவம் வரும், அழுகை வரும். உங்க மேல இல்ல. ரொம்ப மாறிப்போனா மட்டும் சொல்லுங்க." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். நாம் மாறிப்போவது நமக்குக் கடைசியில்தான் தெரியும்.

தாங்கமுடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி ஒரு படி மேலே ஏறுவதே முதல் வழி. பெரும்பாலும் சில நாளில் அடங்கும். அங்கேயே சில வாரம் நின்று, அடுத்தமுறை இன்னும் சிறிய படியாக இறங்கலாம். ஆனால் நிறுத்தி மாதக்கணக்கு ஆகிவிட்டது என்றால் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய முழு அளவை நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். மூளை இப்போது மருந்தில்லா நிலைக்குப் பழகியிருக்கும்.

காத்திருக்கக் கூடாதவை

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அது விடுபடலா நோயா என்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்காமல் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். 999, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு, அரசாங்கத்தின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி 15555, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி 03-7627 2929. போலீஸ் பிடிக்கும் என்ற பழைய பயம் வேண்டாம், தற்கொலை முயற்சி மலேசியாவில் 2023 முதல் குற்றமில்லை. பல இரவு தூங்காமலே சுறுசுறுப்பு பொங்கி வழிவது, வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், கடுங்காய்ச்சலோடு தசை விறைப்பும் நடுக்கமும்: இவையும் அன்றே பார்க்க வேண்டியவை.

மற்றபடி கிளினிக் போகும்போது மாத்திரை அட்டை, அந்த ஒரு வரி நோட்டு, அப்பாய்ன்மெண்ட் புத்தகம் மூன்றையும் எடுத்துப்போங்கள். மிஸ்ஸியிடம் (தாதியிடம்) "தலை சுத்துது" என்று மட்டும் சொன்னால் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு அனுப்பிவிடக்கூடும். "செர்ட்ராலினை இந்தத் தேதியில் 50-இலிருந்து 25 ஆக்கினேன், மூன்றாம் நாளிலிருந்து தலை சுத்துது" என்று சொல்லுங்கள்.